பிரெஷ் பாண்ட் சுற்றுப்பாதை

பிரெஷ் பாண்ட் சுற்றுப்பாதை என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரின் மேற்குப் பகுதியில், பிரெஷ் பாண்ட் என்னும் இயற்கை நீர்நிலையைச் சுற்றி அமைந்துள்ள நடை மற்றும் மெல்லோட்டப் பாதை ஆகும். இதன் நீளம் 2.25 மைல் (சுமார் 3.6 கிலோமீட்டர்). நடைப்பயிற்சி செய்வோர், ஓடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர், நாய்களுடன் உலாவுவோர் எனப் பலதரப்பட்டவர்களும் இதைப் பயன்படுத்துகின்றனர். இப்பாதை சுற்றி வரும் குளமே கேம்பிரிட்ஜ் நகரின் குடிநீர்த் தேக்கமாகவும் விளங்குவது இதன் தனிச்சிறப்பு ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் இக்குளத்தில் வெட்டி எடுக்கப்பட்ட பனிக்கட்டி தொலைதூர வெப்ப நாடுகளுக்குக் கப்பல் வழியாக ஏற்றுமதி செய்யப்பட்டது. அவ்வணிகத்தின் வழியே இக்குளத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

பெயர்

பிரெஷ் பாண்ட் என்பதற்கு நன்னீர்க் குளம் என்று பொருள் கொள்ளலாம். நியூ இங்கிலாந்து பகுதியில் ஏரி என்று சொல்லத்தக்க பெரிய இயற்கை நீர்நிலைகளையும் குளம் என்றே அழைப்பது வழக்கம். குடியேற்றக் காலத்தில், 1640-களில் உருவான சட்டத்தின் வழியே, மாசச்சூசெட்ஸில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளங்கள் தனியார் உடைமையாகக் கருதப்படுவதில்லை. அவை பெருங்குளங்கள் என்ற வகையில் பொதுமக்களுக்கு உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. கரை யாருடையது, நீர் யாருடையது, அதை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்விகள் இக்குளத்தின் வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன.

புவியியல்

குளத்தின் பரப்பளவு சுமார் 155 ஏக்கர் (63 எக்டேர்). அதைச் சூழ்ந்துள்ள பாதுகாக்கப்பட்ட நிலம் சுமார் 162 ஏக்கர் (66 எக்டேர்). இரண்டும் சேர்ந்து பிரெஷ் பாண்ட் காப்பிடம் எனப்படுகின்றன.

கடைசிப் பனியூழிக் காலத்தின் முடிவில் இக்குளம் உருவானது. பின்வாங்கிய பனியாறு பெரும் பனிப்பாளங்களை ஆங்காங்கே விட்டுச் சென்றது. அப்பாளங்களைச் சுற்றிலும் மணலும் சரளையும் படிந்தன. பின்னர் பனிப்பாளங்கள் உருகியபோது அவை இருந்த இடங்கள் ஆழமான பள்ளங்களாக நின்று நீர் நிரம்பின. மாசச்சூசெட்ஸில் உள்ள வால்டன் குளமும் பாஸ்டன் நகரின் ஜமைக்கா குளமும் இவ்வாறே தோன்றியவை ஆகும்.

முற்காலத்தில் இக்குளத்தின் மிகைநீர் வடக்கே ஏல்வைஃப் ஓடை வழியாக மிஸ்டிக் ஆற்றில் கலந்து கடலை அடைந்தது. ஏல்வைஃப் என்னும் மீனினம் இளவேனிற் காலத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறி நன்னீரில் முட்டையிடும் இயல்புடையது. ஓடைக்கு அம்மீனின் பெயரே அமைந்துள்ளது. குளம் நீர்த்தேக்கமாக மாற்றப்பட்ட பின்னர் இந்த இயற்கை இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வரலாறு

பனிக்கட்டி அறுவடை

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளக்கரை ஓர் உல்லாச இடமாக விளங்கியது. கரையில் ஒரு விடுதியும் இயங்கியது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளத்தின் பயன் வேறொரு திசையில் திரும்பியது. பாஸ்டனைச் சேர்ந்த வணிகர் பிரெடரிக் டியூடர் 1806 ஆம் ஆண்டில் கரிபியன் தீவான மார்ட்டினிக்குக்கு முதன்முதலாகப் பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பினார். தொடக்கத்தில் பெரும் இழப்பைச் சந்தித்த இவ்வணிகம் பின்னர் வளர்ந்து அவருக்குப் 'பனிக்கட்டி அரசர்' என்ற பட்டப்பெயரைப் பெற்றுத் தந்தது. அவருக்குப் பனிக்கட்டி வழங்கிய முதன்மையான குளங்களுள் பிரெஷ் பாண்டும் ஒன்று.

இக்குளக்கரையில் வாழ்ந்த குடும்பம் ஒன்றைச் சேர்ந்த நத்தானியேல் வையத் (1802–1856) டியூடருடன் இணைந்து பணியாற்றினார். 1820-களில் இவர் குதிரை இழுக்கும் பனிவெட்டி ஒன்றை உருவாக்கினார். அதற்கு முன்னர் பனிக்கட்டி கைரம்பங்களாலும் கோடரிகளாலும் ஒழுங்கற்ற துண்டுகளாக வெட்டப்பட்டு வந்தது. வையத்தின் கருவி, ஏர் உழும் சால்களைப் போல, உறைந்த குளத்தின் மீது இணையான கோடுகளைக் கீறியது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறியபின் பனிக்கட்டியை ஒரே அளவுள்ள சதுரப் பாளங்களாகப் பிளக்க முடிந்தது. ஒரே அளவுள்ள பாளங்களை இடைவெளியின்றி அடுக்கலாம். இடைவெளி குறைந்தால் காற்றுப் புகுவது குறைந்து, உருகி வீணாகும் அளவும் குறையும். பாளங்களைச் சுற்றி மரத்தூள் நிரப்பும் முறையும் இதனுடன் சேர்ந்தபோது, மாதக்கணக்கில் நீளும் கடற்பயணத்திலும் பனிக்கட்டியைக் காப்பது இயன்றது.

வணிகம் வளர்ந்ததும் உறைந்த நீர்ப்பரப்பு யாருக்கு உரியது என்ற பூசல் கரை உரிமையாளர்களிடையே மூண்டது. ஆர்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப் இதில் நடுவராக இருந்தார். ஒவ்வொருவருக்கும் உரிய கரையின் நீளத்துக்கு ஏற்ப நீர்ப்பரப்பு பங்கிடப்பட்டு, 1841 ஆம் ஆண்டில் வரைபடமாக வரையப்பட்டது. அதே ஆண்டில் பனிக்கட்டியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காக சார்ல்ஸ்டவுனிலிருந்து குளம் வரை தொடர்வண்டிப் பாதையும் அமைக்கப்பட்டது.

குடிநீர்த் தேக்கம்

1850-களில் ஒரு தனியார் நிறுவனம் இக்குளத்து நீரைக் குழாய் வழியாக நகருக்கு வழங்கத் தொடங்கியது. 1865 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகராட்சி அந்நிறுவனத்தைத் தன்பால் எடுத்துக்கொண்டது. அப்போது கரையின் ஒரு பகுதி அண்டை ஊரான பெல்மாண்டின் எல்லைக்குள் இருந்தது. அப்பகுதியில் அமைந்த இறைச்சிக் கூடத்தின் கழிவுகள் குடிநீரைக் கெடுக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அதனால் 1880 ஆம் ஆண்டில் அந்நிலப்பகுதி கேம்பிரிட்ஜுடன் இணைக்கப்பட்டது.

1888 ஆம் ஆண்டில் மாநில அரசு குளத்தையும் அதைச் சூழ்ந்துள்ள நிலத்தையும் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகருக்கு வழங்கியது. கரையிலிருந்த பனிக்கட்டிக் கிடங்குகள், விடுதி, பிற கட்டடங்கள் ஆகியவை அகற்றப்பட்டன. 1890-களில் புகழ்பெற்ற நிலத்தோற்ற வடிவமைப்பு நிறுவனமான ஓம்ஸ்டெட் நிறுவனத்தின் ஆலோசனையுடன் கரைகள் சீரமைக்கப்பட்டு, குளத்தைச் சுற்றி வண்டிப்பாதை உருவாக்கப்பட்டது. இன்றைய நடைபாதை பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றுகிறது. ஆகவே இப்பாதை உடற்பயிற்சிக்கென்று தனியாகத் திட்டமிடப்பட்டது அன்று. குடிநீரைக் காப்பதற்காகக் கட்டடங்கள் அகற்றப்பட்டதால் கிடைத்த திறந்தவெளியே பின்னாளில் மக்களின் உலாவிடமாக நிலைத்தது.

பாதையின் அமைப்பு

முதன்மைச் சுற்றுப்பாதை தார் இடப்பட்டது. பொது ஊர்திகளுக்கு இதில் இடமில்லை. பராமரிப்பு ஊர்திகள் மட்டும் செல்லும். பல இடங்களில் இதற்கு இணையாக நொறுக்கிய கல்தூள் பரப்பிய மென்பாதைகளும் உள்ளன. முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் ஏற்படும் அதிர்ச்சியைக் குறைக்க விரும்பும் ஓட்டக்காரர்கள் இவற்றை விரும்புகின்றனர்.

கிழக்குக் கரையில் உள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்பட்டு வலஞ்சுழியாகச் சுற்றினால் பின்வரும் இடங்களைக் காணலாம்.

தெற்குக் கரை: பாதை இயூரான் நிழற்சாலையை ஒட்டி, மரங்கள் அடர்ந்த சரிவின் அடியில் செல்கிறது.
தென்மேற்கு: கிளாக்கன் விளையாட்டுத் திடலும் அதனை அடுத்த சரிவும் உள்ளன.
மேற்கு: ஒன்பது குழிகளைக் கொண்ட நகராட்சிக் குழிப்பந்தாட்டத் திடல் அமைந்துள்ளது. திடலுக்கும் பெரிய குளத்துக்கும் இடையில் சிறிய பிரெஷ் பாண்ட் என்னும் குட்டை உள்ளது.
வடமேற்கு: பிளாக்ஸ் நூக் என்னும் ஆழமற்ற குட்டை, லூசித்தானியா புல்வெளி, முதியோர் பராமரிப்பு இல்லம் ஆகியவை உள்ளன.
வடக்கு, வடகிழக்கு: புல்வெளிகளும் கான்கார்ட் நிழற்சாலையை ஒட்டிய நுழைவாயில்களும் அமைந்துள்ளன.
கிழக்கு: நீருக்குள் நீண்டிருக்கும் நிலப்பகுதியான கிங்ஸ்லி பூங்காவைக் கடந்து பாதை மீண்டும் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது.

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு சுற்றை ஏறத்தாழ 43 நிமிடங்களில் முடிக்கலாம். மூன்று சுற்றுகள் ஓடினால் 10 கிலோமீட்டரைச் சற்றுக் கடந்த தொலைவு கிடைக்கும். பாதை பெரும்பாலும் சமதளமாகவும் சாலைச் சந்திப்புகள் அற்றதாகவும் இருப்பதால், நின்று நின்று ஓட வேண்டிய தேவை எழுவதில்லை. தொடக்கநிலை ஓட்டக்காரர்களுக்கும் முதியோருக்கும் இது ஏற்றதாகும்.

நகரத் தொடர்வண்டிச் சேவையின் சிவப்புத் தடத்தில் 1985 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஏல்வைஃப் நிலையத்திலிருந்து குளத்துக்கு நடந்தே வரலாம். குளத்தின் ஓரமாகச் சென்ற பழைய வாட்டர்டவுன் கிளைத் தொடர்வண்டிப் பாதை கைவிடப்பட்ட பின்னர், அதன் தடம் நடையருக்கும் மிதிவண்டிகளுக்குமான பசுமைவழியாக மாற்றப்பட்டது. இதன் கேம்பிரிட்ஜ் பகுதி 2022 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் பனிக்கட்டிக்காகக் குளம் வரை போடப்பட்ட இருப்புப்பாதையின் நீட்சியாக உருவான வழியில் இன்று மக்கள் நடந்து குளத்துக்கு வருகின்றனர்.

குடிநீர் வழங்கல் முறை

2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1,18,000 மக்கள் வாழும் கேம்பிரிட்ஜ், தனக்கென்று சொந்தக் குடிநீர் அமைப்பைக் கொண்டுள்ளது. பாஸ்டனும் அதன் சுற்றுப்புற ஊர்கள் பலவும் மாசச்சூசெட்ஸ் நீர்வள ஆணையத்திடமிருந்து நீர் பெறுகின்றன.

பிரெஷ் பாண்டின் சொந்த நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது. எனவே 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகருக்கு மேற்கே ஸ்டோனி ஓடை நீர்த்தேக்கமும் ஆப்ஸ் ஓடை நீர்த்தேக்கமும் உருவாக்கப்பட்டன. அவற்றின் நீர் நிலத்தடிக் குழாய் வழியாகப் புவியீர்ப்பு விசையாலேயே பிரெஷ் பாண்டை வந்தடைகிறது. ஆகவே இக்குளம், மேலேயுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீர் சுத்திகரிப்புக்கு முன் தங்கும் இறுதித் தேக்கம் ஆகும். தங்கும் காலத்தில் நீரிலுள்ள வண்டல் ஓரளவு அடியில் படிகிறது.

குளக்கரையில் உள்ள வால்டர் ஜே. சலிவன் நீர் சுத்திகரிப்பு நிலையம் 2001 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இங்கு நீர் கீழ்க்காணும் நிலைகளில் தூய்மையாக்கப்படுகிறது.

முதலில், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்படி வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது.
திரண்ட துகள்கள் நுண்ணிய காற்றுக் குமிழிகளால் மேலே தூக்கப்பட்டு, நீரின் மேற்பரப்பிலிருந்து அகற்றப்படுகின்றன.
ஓசோன் வளிமத்தால் நுண்ணுயிர்கள் அழிக்கப்படுகின்றன.
கிளர்வூட்டப்பட்ட கரி அடுக்குகளின் வழியே நீர் வடிகட்டப்படுகிறது.
குழாய்களில் செல்லும்போது மீண்டும் மாசடையாதவாறு குளோரின் வகைக் கிருமிநீக்கி சேர்க்கப்படுகிறது.

தூய்மையான நீர் பெல்மாண்டில் உயரமான இடத்தில் உள்ள பேசன் பூங்கா நீர்த்தேக்கத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து தன் அழுத்தத்தால் நகரின் குழாய்களுக்கு இறங்குகிறது.

பொழுதுபோக்கும் நீர்ப் பாதுகாப்பும்

குடிநீர்த் தேக்கத்தின் கரையில் பொதுமக்களை அனுமதிப்பது பற்றி இருவேறு நோக்குகள் உள்ளன. மக்களை முற்றிலும் விலக்கிவைத்தால் மாசு குறையும் என்பது ஒன்று. நாள்தோறும் குளத்தைக் காணும் மக்களே அதன் காவலர்களாக விளங்குவர் என்பது மற்றொன்று. கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் கையாள்கிறது. பாதை அனைவருக்கும் திறந்துள்ளது. ஆனால் பாதைக்கும் நீருக்கும் இடையே கம்பிவலை வேலி அமைக்கப்பட்டுள்ளது. பெரிய குளத்தில் நீந்துவதற்கோ இறங்குவதற்கோ அனுமதி இல்லை.

நாய்கள் தொடர்பான விதிகளும் இதே அடிப்படையில் அமைந்தவை. கேம்பிரிட்ஜ் நகர உரிமம் பெற்ற நாய்களை, உரிமையாளரின் குரலுக்குக் கட்டுப்படும் நிலையில், கயிறு இன்றி அழைத்துச் செல்ல அனுமதி உண்டு. அவற்றின் கழிவுகளை உரிமையாளரே அகற்ற வேண்டும். குடிநீர்க் குளத்தில் நாய்கள் இறங்கக் கூடாது.

2000 ஆம் ஆண்டில் காப்பிடத்துக்கான முதன்மைத் திட்டம் ஒன்று உருவாக்கப்பட்டது. நீரின் தூய்மையே முதற்கடமை என்றும், பொழுதுபோக்கு அதற்கு இடையூறாக அமையக் கூடாது என்றும் இத்திட்டம் கொள்கிறது. பாதையை விட்டு விலகிப் பலர் நடக்கும்போது மண் இறுகி, புல் அழிந்து, மழைநீர் மண்ணை அரித்துக் குளத்தில் சேர்க்கிறது. அரிக்கப்பட்ட மண்ணுடன் பாசுபரசும் நீரில் கலப்பதால் பாசிகள் பெருகுகின்றன. பாசி மிகுந்த நீரைத் தூய்மையாக்குவது கடினம். இக்காரணத்தால் சரிவுகளில் உள்நாட்டுத் தாவரங்கள் நடப்பட்டு, வடிகால்கள் திருத்தப்பட்டு, குறுக்குவழிகள் மூடப்பட்டு வருகின்றன.

சிக்கல்கள்

வேலியால் தடுக்க முடியாத மாசுகளும் உண்டு. ஆப்ஸ் ஓடை நீர்த்தேக்கம் 128 ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவப்படுகிறது. அவ்வுப்பு கரைந்து நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் கரைந்த உப்பை நீக்குவதில்லை. ஆகையால் உப்பின் பயன்பாட்டை மூலத்திலேயே குறைப்பது தவிர எளிய தீர்வு இல்லை.

அண்மைக் காலத்தில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் புளோரின் கொண்ட செயற்கை வேதிச்சேர்மங்கள் கவலைக்குரியனவாக உள்ளன. ஒட்டாத சமையற்கலன்களின் பூச்சு, நீர்புகாத் துணிகள், தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்படும் இச்சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. 2020 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம், குடிநீரில் இவ்வகையைச் சேர்ந்த ஆறு சேர்மங்களின் கூட்டளவு ஒரு இலட்சம் கோடியில் 20 பங்குக்கு மேற்படக் கூடாது என வரையறுத்தது. இச்சேர்மங்களின் அளவு காரணமாக 2022 ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் நகரம் தற்காலிகமாகத் தன் சொந்த நீரை நிறுத்தி, மாநில நீர்வள ஆணையத்தின் நீரைப் பெற்றது. சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டிகளில் புதிய கரி நிரப்பப்பட்ட பின்னர் 2023 ஆம் ஆண்டில் மீண்டும் பிரெஷ் பாண்டின் நீர் வழங்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் மக்கள் வழக்கம்போலக் குளத்தைச் சுற்றி நடந்தனர். ஆயினும் அவர்கள் வீட்டுக் குழாயில் வந்தது அக்குளத்தின் நீர் அன்று.

தாவரங்களும் விலங்குகளும்

காப்பிடத்தில் ஓக், மேப்பிள், பைன் முதலிய மரங்கள் வளர்கின்றன. வெளியிடத்திலிருந்து வந்து பரவிய நார்வே மேப்பிள், பக்தார்ன், கீழைநாட்டுப் பிட்டர்சுவீட் கொடி போன்றவை உள்நாட்டுத் தாவரங்களை நெருக்குகின்றன. தன்னார்வலர்கள் இவற்றை அகற்றும் பணியில் ஈடுபடுகின்றனர்.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும் வலசை வரும் வாத்தினங்கள் குளத்தில் தங்குகின்றன. ஆழமான குளமாதலால் அருகிலுள்ள சிறு குட்டைகள் உறைந்த பின்னரும் இதில் சில காலம் திறந்த நீர் இருக்கும். செவ்வால் பருந்து, நீர்க்காகம், ஆமைகள் முதலியவற்றையும் நடப்போர் காணலாம்.

சென்னையுடன் தொடர்பு

1833 ஆம் ஆண்டில் பிரெடரிக் டியூடர் 'டஸ்கனி' என்னும் கப்பலில் பாஸ்டனிலிருந்து கொல்கத்தாவுக்குப் பனிக்கட்டியை அனுப்பினார். சுமார் 180 டன் ஏற்றப்பட்டதில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் சென்று சேர்ந்தது. நான்கு மாதக் கடற்பயணத்தையும், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்ததையும் கருதும்போது இது பெரும் வெற்றியாக மதிக்கப்பட்டது. அதன்பின் இவ்வணிகம் சென்னை, மும்பை ஆகிய நகரங்களுக்கும் விரிந்தது.

இறக்குமதியான பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஒரு கிடங்கு கட்டப்பட்டது. ஐஸ் அவுஸ் என்று அழைக்கப்பட்ட இக்கட்டடத்தின் பெயரே அப்பகுதிக்கும் வழங்கலாயிற்று. செயற்கையாகப் பனிக்கட்டி உற்பத்தி செய்யும் முறை பரவியபின் இறக்குமதி நின்றுபோனது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் உடைமையாயிற்று. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இங்குத் தங்கினார். 1963 ஆம் ஆண்டில் இதற்கு விவேகானந்தர் இல்லம் எனப் பெயரிடப்பட்டது.

டியூடர் ஒன்றுக்கு மேற்பட்ட குளங்களில் பனிக்கட்டி வெட்டியதால், சென்னைக்கு வந்த பாளங்கள் அனைத்தும் பிரெஷ் பாண்டைச் சேர்ந்தவை என்று கொள்ள முடியாது. எனினும் அவ்வணிகத்தை இயலச் செய்த வெட்டும் முறை இக்குளத்தின் மீதே உருப்பெற்றது. கேம்பிரிட்ஜில் இருந்த பனிக்கட்டிக் கிடங்குகள் அழிந்துவிட்டன. அவை இருந்த கரையில் இப்போது நடைபாதை செல்கிறது. சென்னைக் கிடங்கு இன்றும் மெரீனா கடற்கரையின் எதிரே, அங்கும் காலையில் நடப்போரும் ஓடுவோரும் கடந்து செல்லும் இடத்தில், நிலைத்து நிற்கிறது.

இவற்றையும் பார்க்க

வால்டன் குளம்
ஜமைக்கா குளம்
விவேகானந்தர் இல்லம், சென்னை
பனிக்கட்டி வணிகம்
நீர் சுத்திகரிப்பு
மெல்லோட்டம்